கம்பத்துக்கு ஒரு ஆள்

1

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது நான் தைரியசாலி மாதிரித் தெரிந்தால் அது எழுத்தின் கோளாறு, என் குணம் அல்ல.

இந்தப் புரட்டாசியில் மாமாவின் திதி வந்த அன்று, உளுந்தை ஊறப் போட்டுவிட்டு முதல் வேலையாக வாசல் கதவைத் தாழ் போட்டேன். ஜன்னல்களையும் சாத்தினேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ரங்கூனாக இருந்த இந்த யாங்கோன் தெருக்களில் சில நாட்களாகப் பிக்குகள் பட்டாள ஆட்சியை எதிர்த்து வெறுங்காலோடு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். முந்தின நாள்தான் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று எங்கள் தாகேதா பேட்டைக்குள் வந்து, ஐந்து பேர் சேர்ந்து நிற்கக்கூடாது என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனது. மறுபடியும் என்று ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா, என் அப்பாவின் அக்காளைக் கட்டியவர். பெயர் வேலாயுதம். பர்மியப் பட்டாளத்தில் இருந்து, இடது காலில் இரும்புத் துண்டுகளோடு வெளியே வந்தவர். பேட்டைக்காரர்களுக்கு ஊ வேலு. 'ஊ' என்பது இங்கே வயதுக்குக் கொடுக்கிற மரியாதை. அவர் போய் மூன்று வருடமாகிறது.

என் மகள் வள்ளி மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்காகத் தோழி வீட்டில் தங்கியிருந்தாள். திதிக்கு மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். மத்தியானம் தாண்டியும் வரவில்லை. தொலைபேசி வேலை செய்யவில்லை. அவளைப் பெற்ற நாளிலிருந்து எனக்குத் தெரிந்த எல்லாப் பயங்களும் அன்று ஒன்றாக வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டன.

இதை எழுதுகிற இன்றுவரை எங்கள் கதவை யாரும் தட்டவில்லை. ஊருக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

2

நான் பிறந்தது திருச்சிக்குப் பக்கத்தில், பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசாங்கம் கட்டிக் கொடுத்த காலனியில். அறுபத்து நாலில் கடை கண்ணியெல்லாம் பறிபோய்க் கப்பல் ஏறி வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். ரேஷன் கடையில் 'பர்மாக்காரங்க அப்படி ஓரமா நில்லுங்க' என்பார்கள். சாயங்காலமானால் எங்கள் தெரு முழுக்க ரங்கூன் பேச்சுதான். அந்த மீன் மாதிரி வருமா, அந்த அரிசி மாதிரி வருமா என்று பெருமூச்சு விடுவார்கள். நான் பார்க்காத ஊரின் ஏக்கத்தைக் கேட்டே வளர்ந்தவள் நான்.

அந்தக் கப்பலில் ஏறாதவர் மாமா. என் அப்பா துறைமுகத்தில் நின்று கெஞ்சியிருக்கிறார். மாமா சொன்ன பதிலை அப்பா வாழ்நாள் முழுக்க எரிச்சலோடு சொல்லிக் காட்டுவார்.

"என் காலுல பாதி இந்த மண்ணுல கெடக்கு. மீதியத் தூக்கிக்கிட்டு நான் எங்கய்யா வர்றது?"

அவர் பட்டாளத்தில் தொலைபேசிக் கம்பி இழுக்கிற பிரிவில் இருந்தவர். நாடு சுதந்திரம் வாங்கின கையோடு உள்நாட்டுச் சண்டைகள் தொடங்கிவிட்டன. கம்பிச் சுருளை முதுகில் சுமந்துகொண்டு, காட்டுக்குள் மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டே போவது அவர் வேலை. முன்னால் சண்டை போடுகிறவனுக்கும் பின்னால் உத்தரவு போடுகிறவனுக்கும் நடுவில் அந்தக் கம்பி ஒன்றுதான் பேச்சு. பெகு யோமா மலைக்காட்டில் ஒரு நாள் கம்பிக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது. அதில் இரும்பு ஏறினதுதான் அந்தக் கால்.

உறவு விட்டுப்போகக் கூடாது என்று அத்தை மகனுக்கு என்னைப் பேசினார்கள். ஊரே இங்கிருந்து அங்கே போக, நான் ஒருத்தி மட்டும் அங்கிருந்து இங்கே வந்தேன். விமானத்திலிருந்து இறங்கினதும் கையில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அந்நியர் பதிவுப் புத்தகம். வருடா வருடம் அதைக் கொண்டுபோய் நீட்டி முத்திரை வாங்க வேண்டும். பேட்டையை விட்டு வெளியூர் போவதென்றால் அனுமதி வேண்டும். வந்த புதிதில் அதைப் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். கொஞ்ச நாளில் அரிசிப் பானைக்குள் மாற்றினேன். திருடன் வந்தால் நகை இருக்கிற இடத்தைத்தான் தேடுவான் என்பது என் கணக்கு.

அத்தை நான் வந்த இரண்டாவது வருடம் போய்விட்டார். அதற்குப் பிறகு மாமாவின் கால் என் பொறுப்பானது.

3

எண்பத்தெட்டில் வள்ளிக்கு மூன்று வயது. ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மாணவர்களைச் சுட்ட அந்த ஆகஸ்டு மாதத்தை விவரிக்க மாட்டேன். எனக்கு முடியாது. நகரத்துக் கடைவீதியான பபேடானில் என் வீட்டுக்காரரின் பூட்டு சாவிக் கடை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது என்பதும், பூட்டுக் கடைக்கே பூட்டு போட்டாச்சு என்று அவர் சிரிக்கப் பார்த்து முடியாமல் போனதும் போதும். செப்டம்பரில் பட்டாளம் வந்தது. ஐந்து பேர் கூடக்கூடாது என்ற உத்தரவும் வந்தது.

எழுதின உத்தரவு வேறு, பயந்த மனம் அதைப் படிக்கிற விதம் வேறு. எங்கள் கோயிலில் பஜனையை நாலு நாலு பேராகப் பாடினார்கள். நாலு பேர் பாடி முடித்து வெளியே போனதும் அடுத்த நாலு பேர் விட்ட இடத்திலிருந்து எடுப்பார்கள். பெண் பார்க்க வந்தால் நாலு பேர்தான். மாப்பிள்ளையையும் சேர்த்து நாலு. பஸ் நிறுத்தத்தில் ஐந்தாவதாக வந்த ஆள் கொஞ்சம் தள்ளி நின்று, ஆகாயத்தைப் பார்ப்பார். கொஞ்ச நாளில் பர்மியர்கள் அதைப் பழையபடி விட்டுவிட்டார்கள். நாங்கள் விடவில்லை. அவர்கள் பிடிபட்டால் ஒரு குற்றம். நாங்கள் பிடிபட்டால் இரண்டு. கூடினது ஒன்று, 'கலா'வாக இருப்பது இன்னொன்று. கலா என்றால் கடல் தாண்டி வந்தவன். நூறு வருடத்துக்கு முன்னால் தாண்டியிருந்தாலும் கலாதான். சும்மா சொல்கிற மாதிரியும் சொல்வார்கள், துப்புகிற மாதிரியும் சொல்வார்கள்.

வள்ளிக்குப் பள்ளிக்கூடத்தில் தன்டா என்று பர்மியப் பெயர். நான் தமிழில் கேட்டால் அவள் பர்மிய மொழியில் பதில் சொல்வாள். நான் சந்தையில் கற்ற பர்மியம் பேசினால் அவளும் தோழிகளும் சிரிப்பார்கள். கீரைக்காரியிடம் பேசுகிற மாதிரியே வாத்தியாரிடமும் பேசுகிறேனாம். பெரிய மனிதர்களிடம் பேசுகிற பர்மியத்தை எனக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. எனக்குத் தேவையும் வராது என்று நினைத்தேன்.

தாத்தாவிடம் மட்டும் அவள் பாதித் தமிழ் பேசுவாள். பட்டாளக் கதை கேட்பதற்காக.

4

பத்தாம் வகுப்புப் பரீட்சையை வள்ளி நன்றாக எழுதினாள். மருத்துவம் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வரும் என்றார்கள். அப்போதுதான் அட்டையின் பேச்சு வந்தது.

இங்கே குடியுரிமை அட்டைக்கு நிறம் உண்டு. ரோஸ் நிறம் என்றால் முழுக் குடிமகன். நீலமும் பச்சையும் அரைகுறை. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. அட்டை அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் சொல்வதுதான் எங்களுக்குச் சட்டம். ரோஸ் நிறம் இல்லாவிட்டால் மருத்துவக் கல்லூரி வேண்டாம் என்று ஜன்னல் சொன்னது. தாத்தாவின் நிறம் எதுவோ அதை வைத்துத்தான் பேத்தியின் நிறம் என்றது. தாய் வேறு அந்நியப் பிரஜை, அது ஒரு சிக்கல் என்றும் சொன்னது. அன்று வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். நானாவது ஒரு நாட்டுக்காரி. என் வயிற்றில் பிறந்தவள் எந்த நாட்டுக்காரியும் இல்லை.

மாமாவிடம் இருந்தது பழைய காலத்து மடிப்பு அட்டை. அதை மாற்றப் போனபோது நீலம்தான் தருவோம் என்றார்கள். பட்டாளத்தில் இருந்தேன் என்றார் அவர். உங்கள் வாயால் நீங்கள் சொல்வது செல்லாது, கூட இருந்தவர் யாராவது வந்து சொல்ல வேண்டும் என்றது ஜன்னல்.

"சண்டைக்குக் கூப்புடையில எவனும் அட்டை கேக்கல," என்று வீட்டுக்கு வந்து சொன்னார். குரலை உயர்த்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மாமா கத்துகிற ஆள். கத்தாமல் இருந்தால் ஏதோ யோசிக்கிறார் என்று அர்த்தம்.

அவரோடு பட்டாளத்தில் இருந்தவர்களில் ஐந்து பேர் மிச்சமிருந்தார்கள். த்வாண்டேயிலிருந்து பிச்சைமுத்து, பபேடானில் சுலைமான் நானா, இரண்டு தெலுங்குக்காரர்கள், ஒரு கூர்க்கா. எல்லோர் வீட்டிலும் இதே கதை. பேரனுக்கு வேலை இல்லை, பேத்திக்குப் படிப்பு இல்லை. எல்லோரிடமும் ஜன்னல் கேட்டது ஒன்றுதான். கூட இருந்தவரைக் கூட்டி வா. ஆறு பேருமே ஒருவருக்கொருவர் கூட இருந்தவர்கள். ஆனால் ஆறு பேர் சேர்ந்து ஓர் அலுவலகத்துக்குப் போனால் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டில்தான் பேசினார்கள். நாலு பேர் உள்ளே, இரண்டு பேர் கீழே டீக்கடையில். கொஞ்ச நேரம் கழித்து ஆள் மாறுவார்கள். பேசினதையே மறுபடி பேச வேண்டியிருந்தது. நான் டீ கொடுக்கிற சாக்கில் ஜன்னலை இன்னும் இறுக்கிச் சாத்திக்கொண்டே இருந்தேன். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஒருவருக்குக் காது கேட்காது, அதனால் ரகசியம் முழுக்கச் சத்தமாகத்தான் பேசப்பட்டது.

"சேந்து போகக் கூடாதுன்னுதான சட்டம். முன்ன பின்ன போகக் கூடாதுன்னு இல்லையே," என்றார் மாமா. "கம்பி இழுக்கையில எப்படிப் போனோம்? மரத்துக்கு ஒரு ஆள். ஒருத்தன் போனா ஒருத்தன் மிச்சம். இங்க ரோட்டுல வெளக்குக் கம்பம் இருக்கு. கம்பத்துக்கு ஒரு ஆள்."

"உள்ள போயி என்னா பேசுறது?" என்றார் சுலைமான் நானா. அவர்தான் எல்லோரிலும் கவனமான ஆள். மகன்களும் கடையும் உள்ளவர்.

"நம்ம வீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது. அவன் அவனுக்குப் பின்னால வர்றவனுக்குச் சாட்சி சொல்லணும். கடைசி ஆளு மொத ஆளுக்குச் சொல்லட்டும். தனக்காகக் கேட்டா அது பிச்ச. அடுத்தவனுக்காகச் சொன்னா சாட்சி."

பிச்சைமுத்து முதலில். மாமா கால் காரணமாகக் கடைசியில். அவருக்கு முன்னால் சுலைமான் நானா. அதாவது மாமாவுக்குச் சாட்சி அவர்தான்.

என் வீட்டுக்காரர் அன்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா எங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க செல்வி. உள்ள வைப்பாங்க, விடுவாங்க. உன்னத்தான் ஏத்தி அனுப்பிடுவாங்க. நீ இதுல தலையிடாத."

தலையிடுகிற எண்ணமே எனக்கு இல்லை.

5

அந்த அலுவலகம் பாலத்துக்கு அந்தப் பக்கம், நகரத்துக்குள் இருந்தது. மழை தொடங்கிவிட்டிருந்தது. மாமாவின் காலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் மழையோடு பழைய காயம் மெல்லத் திறந்துகொள்ளும். சில வருடம் உள்ளேயிருந்து அரிசி அளவுக்கு ஓர் இரும்புத் துணுக்கு வெளியே வரும். அன்று காலையிலும் கட்டு நனைந்திருந்தது. போக வேண்டாம் என்றேன். போகலன்னா வரிசை அறுந்துரும்மா என்றார். பஞ்சையும் துணியையும் ஒரு பையில் போட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். மருமகள் மாமனாருக்குக் குடை பிடிக்க வருகிறாள், இதில் சட்டம் என்ன சொல்லும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து அலுவலகம் வரை ஒரே நேர்த்தெரு. நான் வாழ்க்கையில் பார்த்த ஊர்வலங்களில் அதுதான் சின்னது, அதுதான் நீளமானது. தூரத்தில் பிச்சைமுத்துவின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. ஒரு கம்பம் விட்டு ஒரு தெலுங்குக்காரர். அடுத்த கம்பத்தில் இன்னொருவர். அப்புறம் கூர்க்கா, முதுகு வளையாமல். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் போகிறவனுக்கு ஆறு கிழவர்கள் ஆறு வேலையாகப் போவது போலத்தான் தெரியும்.

ஆனால் ஐந்து பேர்தான் இருந்தார்கள். கூர்க்காவுக்குப் பின்னால் இருந்த கம்பத்தில் யாரும் இல்லை.

சுலைமான் நானா வரவில்லை. பஸ்ஸைச் சிப்பாய்கள் நிறுத்திச் சோதனை போட்டதையும், அவர் பாதி வழியில் இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டதையும் பிறகுதான் தெரிந்துகொண்டோம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த பஸ்ஸில் நான் இருந்திருந்தால் நானும் இறங்கியிருப்பேன்.

மாமா அந்தக் காலிக் கம்பத்தைப் பார்த்தார். எட்டி நடந்து இடைவெளியை அடைத்துவிடுவார் என்று நினைத்தேன். அடைக்கவில்லை. வராத ஆளுக்கும் இடம் விட்டு, தன் கம்பத்திலேயே காலை இழுத்து இழுத்து நடந்தார். நான் அவருக்கு ஒரு கம்பம் பின்னால் வந்தேன். குடை என் தலைக்கு மேல்தான் இருந்தது. பக்கத்தில் வந்து பிடிக்க அவர் விடவில்லை.

அந்தத் தெருவில் ஒரு காவல் கூண்டு இருந்தது. அதைத் தாண்டும்போது குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

6

ஜன்னலில் உட்கார்ந்திருந்தது ஒரு பெண் அதிகாரி. கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசியிருந்தார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்கிற வழக்கம் உள்ளவர். நாங்கள் சுவர் ஓரப் பெஞ்சில், நடுவில் இடம் விட்டு விட்டு உட்கார்ந்திருந்தோம்.

பிச்சைமுத்து போனார். தனக்கென்று எதையும் கேட்கவில்லை. அந்த நீலச் சட்டைத் தெலுங்குக்காரர் எந்த வருடம் எந்த ஆற்றங்கரையில் தன்னோடு இருந்தார் என்று சொன்னார். நீலச் சட்டைக்காரர் போனார். தனக்குப் பின்னால் இருந்தவரைப் பற்றிச் சொன்னார். மூன்றாவது ஆள் கூர்க்காவைப் பற்றிச் சொல்லும்போது அந்த அம்மாளின் பேனா நின்றது. தலையைத் தூக்கிப் பெஞ்சைப் பார்த்தார்.

"நீங்க எல்லாரும் சேந்து வந்தவங்களா?"

"இல்லைங்க. நான் தனியா வந்தேன்," என்றார் மூன்றாமவர்.

"நீங்க?"

"தனியாத்தான்," என்றார் கூர்க்கா. போய் நின்று, அங்கே இல்லாத சுலைமான் நானாவைப் பற்றி, அவர் லாரி ஓட்டி வந்து காயம்பட்டவர்களை ஏற்றினதைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னார்.

கடைசியில் மாமா. பிச்சைமுத்துவுக்காகச் சொன்னார். சொல்லி முடித்து, கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"உங்களுக்கு யாரு?" என்றார் அதிகாரி.

"எனக்குச் சொல்ல வேண்டியவரு வரல."

"நீங்களே சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"நான் சொன்னா செல்லாதுன்னு இதே ஜன்னல்லதான் சொன்னாங்க. பரவாயில்ல. இவங்களோடத எழுதுங்க. அது போதும்."

மற்ற நால்வரும் எழுந்து வந்து அவருக்காகச் சொல்லியிருக்கலாம். எழ முடியவில்லை. ஒருவர் மறுபடி எழுந்தாலும் ஐந்து பேரும் சேர்ந்து வந்தது வெளிப்பட்டுவிடும், சொன்ன சாட்சியெல்லாம் கூட்டமாகிவிடும். பிச்சைமுத்து பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி மாமாவின் தாளை ஒதுக்கி, வேறொரு கட்டின் மேல் வைத்தார். எந்த நிறத்துக்கான கட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வள்ளியின் முகம் வந்தது. அவள் எழுதின பரீட்சை வந்தது.

நான் எழுந்ததை நான் முடிவு செய்யவில்லை. வாய் பேசிய பிறகுதான் எழுந்திருக்கிறேன் என்று தெரிந்தது. எனக்குத் தெரிந்த கீரைச்சந்தைப் பர்மியத்தில்தான் பேசினேன்.

"இவரு கூட நான் சண்டைக்குப் போகல. ஆனா சண்ட எங்க வீட்டுக்கு வருசா வருசம் வருது. மழ வந்தா இந்தக் காலு தெறக்கும். நாந்தான் கழுவுறேன். உள்ளேருந்து இரும்பு வருது. எங்க மாமா இரும்பு தின்னவரு இல்ல. அத உள்ள போட்டது யாரு, எதுக்காகப் போட்டுக்கிட்டாருன்னு நீங்க எழுதணும்."

மாமாவின் கால் கட்டு சிவந்திருந்தது. மாமா கைலியை முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் தூக்கினார். அவ்வளவுதான் செய்தார். அந்த அம்மாள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது.

"நீ யாரு?"

"மருமக."

"உன் புத்தகத்தக் குடு."

அரிசிப் பானையிலிருந்து அன்று காலை எடுத்துப் பையில் வைத்திருந்த புத்தகத்தைக் கொடுத்தேன். விரித்தார். அந்நியப் பிரஜை என்று போட்டிருக்கிற பக்கத்தில் விரலை வைத்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

"போங்க. சொல்லி அனுப்புவோம்."

7

புத்தகம் இல்லாத அந்நியப் பிரஜை என்றால் என்ன என்பதை அந்த மழைக்காலம் முழுக்கத் தெரிந்துகொண்டேன். சந்தைக்குப் போகவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் அடுப்பைத் தணிப்பேன், ஏதோ நெருப்பைப் பார்த்துத்தான் என்னைக் கண்டுபிடிப்பார்கள் என்பது போல. ஒரு பையில் இரண்டு புடவையும் வள்ளியின் போட்டோவும் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். தலையிடாதே என்று சொன்னேனே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"யா பா தே, அம்மா," என்பாள் வள்ளி. ஒன்றுமில்லை விடு என்று அர்த்தம். சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள். அவளுக்கும் பயம்தான்.

ஒரு நாள் கட்டு மாற்றும்போது மாமா கேட்டார். "பயமா இருக்காம்மா?"

"ஆமா மாமா."

"எனக்குந்தான். காட்டுக்குள்ள கம்பி இழுக்கையிலயும் முதுகு பூரா பயந்தான். பயம் போகவே போகாது. முன்னால போற ஆளு கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும், காலு தானா நடக்கும்."

வள்ளி அப்போது வாசற்படியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைக்கவில்லை.

மழை முடிகிற சமயத்தில் ஆள் வந்தது. மாமாவையும் என்னையும் கூப்பிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டுதான் போனேன். அதே அம்மாள். இழுப்பறையிலிருந்து என் புத்தகத்தை எடுத்து, ஒரு வருடத்துக்கு முத்திரை குத்தி, தள்ளிவிட்டார். அதன் கீழே மாமாவின் அட்டை இருந்தது. ரோஸ் நிறம். நான் நன்றி சொல்ல வாய் திறந்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கும் யாரிடமோ பயம் இருந்திருக்கும்.

ஆறு வீட்டில் நாலு வீட்டுக்குக் கிடைத்தது. ஒரு தெலுங்குக்காரருக்கு நீலம்தான் என்று சொல்லிவிட்டார்கள். சுலைமான் நானாவின் தாள், ஆள் நேரில் வரவில்லை என்று திரும்பி வந்தது. அவர் எங்கள் தெருப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார். மாமாதான் அவர் கடைக்குப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து, இருவருமாக இன்னொரு தடவை அந்த ஜன்னலுக்கு நடந்தார்கள். அப்போதும் ஒரு கம்பம் விட்டுத்தான். பதில் வருவதற்குள் மாமா போய்விட்டார்.

பேத்தி வெள்ளைக் கோட்டுப் போட்டதை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

8

திதியன்று வள்ளி வந்தபோது காக்கைக்கு வைத்த சோறு மழையில் கரைந்திருந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தாத்தா படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். நின்றபடியே இரண்டு வடை தின்றாள். பிறகு தன் பையைத் திறந்து கட்டுத் துணிச் சுருள்களையும் காய மருந்தையும் உள்ளே அடுக்க ஆரம்பித்தாள். மாமாவின் காலுக்கென்று நான் வாங்கி வைத்து மிச்சமிருந்த பஞ்சையும் அலமாரியிலிருந்து எடுத்தாள்.

"எங்க போற?" என்றேன்.

பர்மிய மொழியில் சொன்னாள். பிக்குகள் நடக்கிற தெருவில் அடிபடுகிறவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர முடியவில்லையாம். அவளும் கூடப் படிக்கிறவர்களும் போகிறார்களாம்.

கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். என்னென்னவோ சொன்னேன். உனக்கு இந்த அட்டை வாங்க ஒரு மழைக்காலம் முழுக்கச் செத்துப் பிழைத்தேன் என்றேன். படித்து முடி, டாக்டராகு, அதுவரைக்கும் கண்ணை மூடிக்கொள் என்றேன். அவள் அப்பா என் தோளில் கை வைத்தார். என்னை விலக்கவா, என்னோடு நிற்கவா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"அஞ்சு பேரு கூடுனா சுடுவாங்கடி. நேத்துதான சொல்லிட்டுப் போனான்."

வள்ளி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் பர்மியத்தில் பதில் சொல்கிற என் மகள், தாத்தாவின் குரலை அப்படியே வைத்துத் தமிழில் சொன்னாள்.

"கூடலம்மா. கம்பத்துக்கு ஒரு ஆள்."

நான் கதவை விட்டு விலகினேன். அவள் இறங்கிப் போனாள். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தெருமுனைக் கம்பத்தில் ஒரு பெண் குடையோடு நடந்துகொண்டிருந்தாள். அதற்கு முந்தின கம்பத்தில் இன்னொருத்தி. அதற்கும் இப்பால், எங்கள் வீட்டுப் பக்கம், பையை மாரோடு அணைத்தபடி வள்ளி. அவளுக்குப் பின்னால் இருந்த கம்பத்தில் யாரும் இல்லை.

அரிசிப் பானைக்குள் கைவிட்டு என் புத்தகத்தை எடுத்தேன். பிடிபட்டால் இதைப் பார்த்ததும் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று தோன்றியது. மறுபடியும் பானைக்குள்ளேயே வைத்து மூடினேன்.

வீட்டுக்காரர் குடையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

தெருவில் இறங்கினேன். மழைக்கு நடுவே அவள் முதுகு தெரிந்தது. காலியாக இருந்த அந்தக் கம்பத்தில் போய் நான் சேர்ந்துகொண்டேன்.